ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வைரம்

தியாகராய நகரில் ஒரு நகைக்கடையின் முதல் மாடி. அண்ணன் மகளுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம், மோதிரம் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் வைரம் என்றால் பாட்டியின் ஏழு கல் தோடுதான். நிச்சயத்துக்கு வைர மோதிரம் என்பது ஐரோப்பிய அரண்மனை வழக்கம். 1947-ல் டி பியர்ஸ் வைர நிறுவனத்தின் விளம்பரத்துக்கு எழுதப்பட்ட ஒற்றை வாசகம் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

விற்பனையாளர் இரண்டு மோதிரங்களைக் கறுப்புத் தட்டில் வைத்தார். ஒன்றில் 50 சென்ட் கல், மற்றதில் 30. நூறு சென்ட் ஒரு கேரட். அதன் எடை 200 மில்லிகிராம்தான்.

"பெரிசையே எடுத்துக்கலாம் அத்தை."

லென்ஸை வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தேன். பெரிய கல்லின் நடுவில் இறகு மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று, அதன் நுனியில் கறுப்புப் பொட்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணிக்கடை வீதியைச் சொல்லுமிடத்தில், வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கு வரும். பாடமாகப் படித்தபோது வெறும் பெயர்கள். இப்போது களங்கத்தைக் கண்ணாலேயே பார்க்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது.

கடை விளக்கில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். அதனால் இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோகச் சொன்னேன். பகல் வெளிச்சத்தில் பெரியது நடுவில் இருண்டு கிடந்தது. பட்டை தீட்டும்போது எடை குறையாமலிருக்க அடிப்பக்கத்தை ஆழமாக விட்டிருக்கிறார்கள். உள்ளே போன ஒளி மேலே திரும்பாமல் கீழே ஒழுகிவிடுகிறது. சிறியதோ விரலை அசைக்கும்போதெல்லாம் பளிச்சென்று கண் சிமிட்டியது. என்னைக் கேட்டால், பணத்தைக் கொடுக்க வேண்டியது இந்தப் பட்டைக்குத்தான்.

"இது பூமியில் எடுத்ததா, லேபில் வளர்த்ததா?" என்று கேட்டேன். இரண்டும் கார்பன்தான், லென்ஸில் வித்தியாசம் தெரியாது. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு, சான்றிதழில் அது எழுதியிருக்க வேண்டும். இயற்கைக் கல் என்று சான்றிதழில் இருந்தது. கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்த எண்ணை நுண்ணோக்கியில் ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தோம். தங்கத்தில் 750 முத்திரை, 18 கேரட்.

அவள் சிறியதைப் போட்டுக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் அம்மாவுக்குப் போன் போட்டோம்.

"மூணு நாள் வீட்ல வச்சு, ராசியா இருக்கான்னு பார்த்துட்டு வாங்கலாம்னு கேட்டீங்களா?" என்றார் முதல் வார்த்தையாக.

கேட்டோம். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்: "எங்க கடையில அது இன்னும் இருக்கும்மா."