கோழிப்பண்ணை நோட்டும் குத்துச்சண்டை நோட்டும்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தீவனம் எத்தனை கிலோ போனது, முட்டை எத்தனை வந்தது, குஞ்சுகளின் எடை இந்த வாரம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். கணக்கு கொஞ்சம் இறங்கினாலே அவர்களுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பெரிய குத்துச்சண்டை முகாம்களிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான் நடக்கிறது என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள் :-)

நம் சினிமாவில் பயிற்சி என்றால் 'பத்ரி' மாதிரி கை மேல் கார் ஏற வேண்டும். "தம்பி, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று எந்த மாஸ்டரும் கேட்டதில்லை. நிஜத்தில் அதுதான் முதல் கேள்வி. அமெச்சூர் போட்டியில் 3 நிமிடச் சுற்றுகள் 3, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. அதோடு முடியாது. ஜெயித்தால் ஒன்றிரண்டு நாளில் அடுத்த ஆட்டம், அன்று காலையில் மறுபடி எடை மேடை.

சரி, எப்படி அளக்கிறார்கள்? குத்து கையிலிருந்து வருவதாக நினைக்கிறோம். ஃபிலிமோனோவ் என்ற சோவியத் ஆய்வாளரின் குழு அளந்து பார்த்தபோது, தேர்ந்த வீரர்களின் குத்தில் பின்னங்கால் உந்துவதன் பங்கு பெரிதாக இருந்தது. கற்றுக்குட்டிகள்தான் கையை அதிகம் நம்பினார்கள். அதனால் குதிக்கச் சொல்கிறார்கள். கை இடுப்பில், முட்டியை மடக்கி, ஒரே எம்பு. வழக்கமான உயரத்தைவிடச் சில சென்டிமீட்டர் குறைந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று சந்தேகப்படலாம். இதோடு காலை நாடித்துடிப்பு, எடை. பிறகு எனக்குப் பிடித்த ஒன்று: "இன்றைய பயிற்சி எவ்வளவு கடினம்? பத்துக்குச் சொல்" என்று கேட்டு, அதை நிமிடங்களால் பெருக்குவது. 60 நிமிடப் பயிற்சிக்கு 7 என்றால் 420. மெஷினே வேண்டாம், நம்மூர் ஜிம்மிலும் செய்யலாம். வீரர் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கலே அங்கேதான். கோழி பொய் சொல்லாது. மனிதன்? நோட்டை வைத்து ஓய்வு கொடுப்பார்கள் என்றால் "களைப்பா இருக்கு சார்" என்பான். அதே நோட்டை வைத்து அணியிலிருந்து எடுப்பார்கள் என்றால் சொல்வானா?

இந்தியாவில் இது நடந்தே விட்டது. அயர்லாந்தின் முன்னாள் உலக சாம்பியன் பெர்னார்ட் டன் 2022இல் பொறுப்புக்கு வந்த பிறகு, ஒரு நாள் தகுதிப் போட்டிக்குப் பதிலாக, முகாமில் சில வாரம் கவனித்துப் பல அம்சங்களுக்குப் புள்ளி போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2019 உலகப் போட்டியில் வெள்ளி வென்ற மஞ்சு ராணி உட்படச் சிலர் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அமித் பங்கால் புள்ளியில் தீபக் போரியாவிடம் பின்தங்கினார்.

நம் சேலத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அவர் விளையாட்டில் அளவுதான் முடிவு. குத்துச்சண்டையில் எதிரே ஒருவன் திருப்பி அடிக்கிறான். முகாமில் எம்பிக் குதித்த உயரம் அவனுக்குத் தெரியாதே! அதனால் என் கட்சி இது: அளவை ஓய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேர்வை வளையத்துக்குள் நடத்துங்கள்.

ஆனால் புள்ளி முறையைச் சும்மா திட்டவும் முடியவில்லை. 2023இல் டெல்லியில் பெண்கள் 4 உலகத் தங்கம் வென்றார்கள். தாஷ்கண்டில் தீபக் உட்பட 3 ஆண்களுக்கு வெண்கலம். அடுத்த மார்ச்சில் இத்தாலியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 9 பேர் போய் ஒருவரும் தேறவில்லை, டன் விலகினார். பாங்காக்கில் நடந்த கடைசித் தகுதிச் சுற்றில் அமித் பங்கால்தான் 51 கிலோ இடத்தைப் பிடித்தார். அப்பாடா என்று பார்த்தால், பாரிஸில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார்.