திருவொற்றியூரில் ஒரு பேண்டு நாள்

வடசென்னைக்காரர்களிடம் 'பேண்டு' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் அவர்கள் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடமாக இருக்காது. கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர், இல்லாவிட்டால் சாவு வீடு. சரிகை வைத்துத் தைத்த சட்டை, வெயிலில் பளபளக்கும் டிரம்பெட், ஏழெட்டு ஆண்கள் தெருவோடு வாசித்துக்கொண்டே போவார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்கள் தொட்டிலில் கிடக்கும்போதே கேட்ட சத்தம் இது. ஆனாலும், "உன் பொண்ணு பேண்டுல சேர்ந்திருக்காளாமே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது குரலில் ஓர் இழுப்பு இருக்கும். அந்த இழுப்புக்கு அர்த்தம் நமக்குத் தெரியாதா என்ன!

என் பெண் எட்டாம் வகுப்பு. சைடு டிரம் வாசிக்கிறாள். 2025 ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை திருவொற்றியூரில் பள்ளிகளுக்கிடையே பேண்டு போட்டி. ஒன்பது பள்ளிகள் வந்தன. அதில் நான்கு, பெண் பிள்ளைகளின் பேண்டு. "கூட வந்து உதவி செய்ய ஐந்தாறு அம்மாக்கள் தேவை" என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்ததும் நான் பெயர் கொடுத்துவிட்டேன். "உனக்கு ஸரிகமவே ஒழுங்கா வராதே, அங்கே போய் என்ன பண்ணப் போறே?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஊக்கு, ஊசி நூல், உப்பு, சர்க்கரை, பஞ்சு, நாப்கின் என்று மூட்டை கட்டுகிற வேலைக்குச் சங்கீத ஞானம் எதற்கு?

பிள்ளைகளும் டிரம்களும் வேனில் போய்விட்டார்கள். அம்மாக்கள் ஆறு பேரும் ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினோம். 1856-ல் திறந்த ஸ்டேஷன் இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. உயர உயரமான தூண்களோடு இன்றும் அந்தக் கட்டடம் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிற நாங்கள் அதை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை! வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், அடுத்தது திருவொற்றியூர். மெட்ரோவிலும் போகலாம். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. ஆனால் இரண்டு மோர்ப் பானையையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் தூக்கிக்கொண்டு நகரும் படிக்கட்டில் ஏற எங்களில் ஒருத்திக்கும் தைரியம் இல்லை.

ஷேர் ஆட்டோ வடிவுடையம்மன் கோயில் பக்கமாகப் போயிற்று. எல்லோரும் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அம்மனையும் தியாகராஜ சுவாமியையும் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊருக்குப் பக்கத்து ஊரான மணலிக்கும் பேண்டுக்கும் உள்ள சம்பந்தம் தெரியுமா? இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே முதலியார் ஜமீன் இருந்தது. திருவாரூரிலிருந்து ராமஸ்வாமி தீட்சிதரை வரவழைத்து ஆதரித்தார்கள். அவருடைய பிள்ளை முத்துஸ்வாமி தீட்சிதர் இளம் வயதில் மணலியில்தான் வளர்ந்தார். ஜமீன்தார் மகனோடு செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்பது வழக்கம். அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் எழுதினார். அவைதான் இன்று நம் குழந்தைகள் பாட்டு வகுப்பில் பாடுகிற நோட்டுஸ்வரங்கள். சுமார் நாற்பது இருக்கும். 'ஸந்ததம் பாஹிமாம்' என்பது இங்கிலாந்து ராஜகீதத்தின் மெட்டேதான்! பேண்டு கேட்பது மட்டம் என்று தீட்சிதர் நினைத்திருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்குமா? அடுத்த தடவை யாராவது அப்படி இழுத்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன்.

போட்டி நடந்த மைதானம் எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பக்கத்தில். கிழக்கே பாறாங்கல் கொட்டிய கடற்கரை, மேற்கே வீடுகள், நடுவில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை. ஒரு லாரி ஹாரன் அடித்தால் டிரம் சத்தமே அடங்கிப்போகும். காற்றில் கடல் உப்பு கொஞ்சம், டீசல் கொஞ்சம், இன்னும் பெயர் தெரியாத ஏதோ நெடி. இங்கே வாழ்கிறவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 1970-லிருந்து ஓடி 2017-ல் மூடப்பட்டது. அதற்காக மூச்சு லேசாகிவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரமே கறுத்துப்போனது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, தூங்கிய குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். இந்த ஊரில் ஒரு பெண் குழந்தை நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து பியூகிள் ஊத வேண்டும்!

பியூகிள் லேசான வாத்தியம் இல்லை. டிரம்பெட் மாதிரி அழுத்துவதற்குக் கட்டைகள் கிடையாது. வெறும் பித்தளைக் குழாய். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும்தான் ஐந்தாறு ஸ்வரம் வரும். எங்கள் பேண்டில் நான்கு பேர் பியூகிள். அதில் ஒருத்திக்கு வீசிங் உண்டு. அவள் அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம். விடிகாலை ஏலம் எடுத்து, காலையிலேயே விற்று முடித்து, நேரே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். மைதானத்தில் புழுதி பறப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாக்கா, ஊதச் சொல்லலாமா, வாணாமா? எங்க மாமியாரு முன்னாடியே கத்துது, பொட்டப் புள்ள சாவு பேண்டு ஊதுதான்னு. இப்ப இது இழுத்துக்கினு வீட்டுக்கு வந்தா, அவ்ளோதான், பேண்டும் இல்ல, இஸ்கூலும் இல்ல."

பதில் சொல்ல நான் யார்? "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். இழுப்பு இல்லாத நாளில் ஊதலாம், கால் மணி நேரம் முன்னால் நீல நிற இன்ஹேலரை எடுத்துக்கொள், இழுப்பு வந்தால் உடனே நிறுத்து - இதுதான் டாக்டர் சொன்னது. காலையில் இழுப்பு இல்லை. இன்ஹேலர் பையில் இருந்தது. மீதி எங்கள் கையில்.

இரண்டு பேர் பேண்டு மாஸ்டரை இழுத்துக்கொண்டு போய், அமைப்பாளர்களிடம் பேசி, அணிவகுக்கும் இடம் முழுக்கத் தண்ணீர் தெளிக்க வைத்தார்கள். லாரிச் சாலையோரம் காத்திருக்கச் சொன்ன பிள்ளைகளைக் கடலோரப் பக்கம், கட்டட நிழலுக்கு மாற்றினோம். நாங்கள் மாற்றியதைப் பார்த்து மற்றப் பள்ளிக்காரர்களும் வந்துவிட்டார்கள். மாஸ்டர், "அம்மாங்க வந்தா ஆர்மி வந்த மாதிரி" என்றார். அவரும் கல்யாணமும் சாவும் வாசித்த குடும்பத்திலிருந்து வந்தவர்தான். நம் வீட்டுப் பெரியவர்களை மரியாதையோடு வழியனுப்ப அவர்கள் வேண்டும். அவர்கள் வாத்தியத்தை நம் பிள்ளை எடுத்தால் மட்டும் கௌரவக் குறைச்சலா? எனக்கு இது புரிவதே இல்லை.

பதினோரு மணிக்கு வேறு ஒரு பள்ளிப் பெண், அசையாமல் அட்டென்ஷனில் நின்றவள், அப்படியே சாய்ந்தாள். ஓடிப்போய் நிழலில் மல்லாக்கப் படுக்கவைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, காலைத் தூக்கி ஒரு பையின் மேல் வைத்தோம். ஒரு நிமிஷத்தில் கண் திறந்தாள். இட்லி சாப்பிட்டால் யூனிஃபார்ம் இறுக்கும் என்று வெறும் வயிற்றில் வந்திருக்கிறாள்! இதை எல்லா அம்மாக்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வெயிலில் முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலைக்குப் போவது குறையும். முட்டியைச் சற்றே தளர்த்தி, ஷூவுக்குள் கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது. மயங்கியவர்கள் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நன்றாக நினைவு வந்த பிறகு கொடுக்கலாம்.

நாங்கள் கொண்டுபோன நீர்மோர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு உப்புச் சர்க்கரைத் தண்ணீர். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலை தட்டி அளந்தது. கண்ணளவில் உப்பை அள்ளிப் போடக்கூடாது. பியூகிளின் வாய்ப்பகுதியை ஒருவர் ஊதியதும் அடுத்தவர் பாவாடையில் துடைத்துவிட்டு ஊதுகிற வழக்கத்தையும் அன்றே நிறுத்தினோம். வாளி எதற்கென்று ரயிலில் சிரித்தார்களே, அதற்குத்தான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துணியில் காயவைத்தோம். ஜலதோஷமும் வாய்ப்புண்ணும் இப்படித்தான் ஒரு பேண்டு முழுக்கச் சுற்றுகின்றன. புது கான்வாஸ் ஷூவோடு வந்த மூன்று பேருக்குக் குதிகாலில் கொப்புளம். போட்டி நாளன்று புது ஷூ வேண்டவே வேண்டாம்.

கழிப்பறையைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். நூற்றுக்கும் மேல் பெண் பிள்ளைகள். இருந்தது இரண்டு அறை. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதுதான் மயக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் பாதை. எங்களில் இருவர் முறை வைத்து வாசலில் நின்று, துப்பட்டாவை விரித்துப் பிடித்து, வாளியில் தண்ணீர் சுமந்து கொடுத்தோம். நாப்கின் கேட்டு வெட்கத்தோடு வந்தவர்கள் ஏழு பேர். ஒரு போட்டிக்கு நடுவர், மேடை, மைக் எல்லாம் ஏற்பாடு செய்கிறார்கள். தாழ்ப்பாளுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை!

எங்கள் முறை பன்னிரண்டு மணிக்கு. கால் மணி நேரம் முன்னால் அந்தப் பெண் இன்ஹேலர் எடுத்துக்கொண்டாள். அவள் அம்மா ஓரமாக, இன்ஹேலரை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றார். மேஸ் தூக்கிய பெண் முன்னால் நடக்க, பேஸ் டிரம் 'டம்' என்று விழுந்தது. நிமிஷத்துக்கு 120 அடி. அந்த வேகத்தில் வரிசை கலையாமல், உடம்பு குலுங்கினாலும் ஸ்வரம் குலுங்காமல் ஊதவேண்டும். திரும்பும்போது உள்வரிசை காலைச் சுருக்கி, வெளிவரிசை எட்டிப் போட்டு, சக்கரம் மாதிரி சுழன்றார்கள். என் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. டிரம்மைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாத மாதிரி ஒரு முகம். வீட்டில் தட்டை எடுத்து வைக்கப் பத்து தடவை கூப்பிட வேண்டும்!

நான்கு பியூகிளும் சேர்ந்து எழும்பின இடத்தில் மீன்கார அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கேட்டாரா, வேண்டிக்கொண்டாரா தெரியாது. ஏழு நிமிஷம். முடிந்து வந்த பெண்ணின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா, விடு" என்று அவள் நெளிந்தாள்.

பெண்கள் பிரிவில் எங்களுக்கு மூன்றாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் நிஜமாகவே பிரமாதம், பொறாமைப்பட இடமில்லை. இது உள்ளூர்ப் போட்டிதான். மத்திய அரசு பள்ளிகளுக்கென்று தேசிய அளவில் பேண்டு போட்டியே நடத்துகிறது. மாநிலம், மண்டலம் என்று ஜெயித்து வந்து குடியரசு தினத்தையொட்டி டெல்லியில் மோதுகிறார்கள். 2025-ல் இறுதிச் சுற்று ஜனவரி 24, 25 தேதிகளில் மேஜர் தயான்சந்த் ஸ்டேடியத்தில் நடந்தது. பித்தளை வாத்திய பேண்டு, பைப் பேண்டு இரண்டிலும் பெண்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. இதை மாஸ்டர் சொன்னதும் பிள்ளைகள் வேனிலேயே டெல்லிக்குப் போய்விட்டார்கள்!

திரும்பும் ரயிலில் கூட்டம். காலி மோர்ப் பானைமேல் உட்கார்ந்து, அடுத்த தடவைக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டோம். தாழ்ப்பாள் ஒன்று, திருகாணியோடு. இரண்டு வாளி. உப்பு, சர்க்கரை அளந்து கட்டிய பொட்டலங்கள். புதன்கிழமை ஒத்திகைக்கு யார் போவது என்று கேட்டேன்.

"நான் வரேன்க்கா. மார்க்கெட்டு முடிச்சிட்டு நேரா வந்துர்றேன்" என்றார் காசிமேட்டு அம்மா. "ஆனா மீன் வாசனை அடிக்குதுன்னு ஒருத்தரும் மூஞ்ச சுளிக்கக்கூடாது, சொல்லிட்டேன்!"