அக்காவுக்கு வணக்கம்

எங்கள் மனநல ஆலோசனைக் குழுவின் நெறிமுறை ஆலோசகர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். எங்களுக்கு அவர் அக்கா.

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், இஜோக் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வீட்டு வாசலில் எங்கள் கார் நின்றால் போதும், பொழுது சாய்வதற்குள் கோயில் வரை சேதி போய்விடும். அதனால் அக்கா சொல்வார்: "வீட்டுக்குப் போகாதீங்க. அவங்க கிளினிக்குக்கு வர்ற நாள்ல கோல சிலாங்கூர் டவுன்ல பாருங்க. கல்யாண வீட்டுல எதிர்ப்பட்டா, அவங்க பேசாம நீங்க பேசாதீங்க."

ஒருமுறை ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆலோசனைக்கு வந்த ஒரு பையனைப் பற்றி, "பையன் என்னம்மா சொன்னான்?" என்றார். "ஐயா, அதை அவன்கிட்டயே கேளுங்க" என்றார் அக்கா. குரலில் மரியாதை குறையவில்லை, பதிலும் மாறவில்லை.

மலேசியாவில் எங்கள் தொழிலுக்கான ஆலோசகர் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது. ஆனால் தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கிய குடும்பங்களிடம், "முதல்ல உயிர், மத்தது பிறகு" என்று விடாமல் சொன்னவர் அக்கா. அந்தப் பிடிவாதத்துக்குத்தான் என் முதல் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை பிரியாவிடை. மாலை வேண்டாம் என்றிருக்கிறார். நாங்கள் போடத்தான் போகிறோம், அக்கா.