குதிரைகளை நிறுக்கும் தராசு



கடந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அடுக்கக வீட்டிற்கு என் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். கிள்ளானில் வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். அகவை முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது. இரு பிள்ளைகளுக்குத் தந்தை. ஆயினும் என் நாவில் 'அவன்' என்றே வருகிறது. அவ்வாறே எழுதுகிறேன், பொறுத்தருள்க. அவனது ஒரு கையில் பலகாரப் பை, மறு கையில் வங்கிப் படிவம்.

"டீச்சர், ஒரு மிஷின் வாங்க வேண்டும். கடனுக்கு நீங்கள்தான் கேரண்டர் கையெழுத்துப் போட வேண்டும்" என்றான்.

அடுக்களையிலிருந்து என் கணவர் இருமினார். அந்த இருமலின் பொருள் எனக்குத் தெரியும். நண்பருக்குப் பிணை நின்ற என் மைத்துனர் ஒருவர், கடைசியில் அக்கடனைத் தாமே கட்டி முடித்த கதை எங்கள் குடும்பத்தில் தீபாவளிதோறும் பேசப்படுவது.

அவன் வாங்க விரும்பியது டைனமோமீட்டர். தமிழில் 'திறன்மானி' எனலாம். போமன்கள் 'டைனோ' என்று சுருக்கிவிட்டனர். எஞ்சின் எவ்வளவு முறுக்குவிசை தருகிறது, எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்று அளந்து காட்டும் கருவி. புஸ்பாகோம் பரிசோதனைக்குக் காரைக் கொண்டு சென்றவர்கள், பிரேக்கைச் சோதிக்கச் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்துவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே உருளை சக்கரத்தைச் சுழற்றுகிறது. இங்கே சக்கரம் உருளையைச் சுழற்றுகிறது.

"இத்தனை நாள் அது இல்லாமல்தானே தொழில் செய்தாய்?" என்று கேட்டேன்.

"இத்தனை நாளும் ரோட்டில்தான் ட்யூன் செய்தேன், டீச்சர்" என்றான்.

இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலைக்குச் செல்வார்களாம். வாடிக்கையாளர் ஓட்டுவார். இவன் பக்கத்து இருக்கையில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஆளும் சிறு கணினியில் எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றிக்கொண்டே வருவான். முழுச் சுமையில் எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்றறிய ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தியாக வேண்டும். மூன்றாவது கியரிலேயே வேகம் 120 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஒரு நாள் மழை ஓய்ந்த நேரம். பின்விளக்கில்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று முன்னே தோன்றியது. ஒரு முழ இடைவெளியில் தப்பினார்கள். ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் அரைமணி நேரம் பேசவே இல்லையாம்.

"அந்தப் பையனுக்குப் பதினாறு வயதுகூட இருக்காது, டீச்சர். ஹெல்மெட் இல்லை."

திறன்மானி வேண்டுமா என்ற கேள்வி அத்துடன் முடிந்தது. எந்தத் திறன்மானி என்பதே மிச்சம். பிணையாளர் நான், ஆகவே எனக்கும் விளங்க வேண்டும் என்று சொல்லி, ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவன் முதலில் கண் வைத்திருந்தது நிலைம உருளை வகை. பளுவான எஃகு உருளையைக் கார் சுழற்றும். உருளையின் பளு மாறாது. அது எத்துணை விரைவில் வேகம் எடுக்கிறது என்பதிலிருந்து கணினி திறனைக் கணக்கிட்டுவிடும். அமெரிக்காவின் டைனோஜெட் இவ்வகையில் பெயர் பெற்றது. பழுதாவதற்கு அதிகம் எதுவும் இல்லாத எளிய அமைப்பு, விலையும் குறைவு. தொழிலை விடும் ஒருவரிடம் பழைய உருளை ஒன்று மலிவாக இருந்தது. "இதில் நம்பர் பெரிதாகக் காட்டும், கஸ்டமர் சந்தோஷமாகப் போவார்" என்று அவர் சொன்னாராம். இவனும் பாதி மயங்கியிருந்தான்.

அடுத்தது, உருளையோடு சுழல் மின்னோட்டத் தடுப்பான் பொருத்திய வகை. மின்காந்தத்தால் உருளையை வேண்டிய அளவு இறுக்கிப் பிடிக்கலாம். மூன்றாவது, சக்கரத்தையே கழற்றிவிட்டு அச்சு முனையில் நேரடியாகப் பூட்டுவது. நியூசிலாந்தின் டைனாபேக் அப்படிப்பட்டது. எண்ணெய் அழுத்தத்தால் தடுக்கிறது. டயர் வழுக்கல் என்ற பேச்சே இல்லை. விலையைக் கேட்டவுடன் அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம்.

நிற்க. குதிரைத்திறன் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தை விற்பதற்காகக் குதிரையின் உழைப்பை அளவுகோலாக்கினார். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். பிரான்சு நாட்டின் புரோனி 1821-இல் சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கி, நெம்புகோல் முனையில் எடை தொங்கவிட்டு, எந்திரத்தின் திறனை அளந்தார். இன்றைய திறன்மானிகளுக்கு அதுவே பாட்டன். மலாயிலும் 'குவாசா கூடா', குதிரை வலிமைதான். கிள்ளானில் புக்கிட் கூடா, அதாவது குதிரைக் குன்று என்றே ஓர் இடம் உண்டு. கோலாலம்பூரிலிருந்து 1886-இல் போடப்பட்ட இரயில் பாதை முதலில் அங்கேதான் முடிந்தது. அந்தப் பாதையில் பின்னாளில் தண்டவாளம் பழுது பார்த்தவர் என் தாத்தா. அதனால் அப்பெயரைக் கேட்டால் எனக்குப் பேச்சு நீண்டுவிடும்.

மீண்டும் உருளைக்கு வருவோம். எந்த வகை என்று முடிவு செய்ய எங்களுக்கு உதவியது நம் நாட்டுக் கேம்ப்ரோ எஞ்சின். புரோட்டோன் 2004-இல் ஜென்.2 காரில் அறிமுகப்படுத்தியது. 1.6 லிட்டர் எஞ்சினுக்கு நிறுவனம் கூறிய அளவு, நிமிடத்திற்கு 6000 சுழற்சியில் 110 குதிரைத்திறன். 4000 சுழற்சியில் 148 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நல்ல எண்கள்தாம். ஆனால் நிறுவனமே வெளியிட்ட வரைகோட்டைப் பார்த்தால், 2000 முதல் 2500 சுழற்சி வரையிலான பகுதியில் முறுக்குவிசை ஏறாமல் சற்றுத் தாழ்ந்து, பிறகே மேலெழும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் எஞ்சின் பெரும்பாலும் சுழல்வது அந்தப் பகுதியில்தான். பின்னர் காற்றிழுக்கும் குழாயின் நீளம் எஞ்சின் வேகத்திற்கேற்ப மாறும்படி அமைத்து அக்குறையைக் களைந்தனர். 2008-இல் வந்த சாகாவில் அவ்வமைப்பு இருந்தது. உச்சியில் உள்ள எண்ணை மட்டும் படித்தவருக்கு அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது.

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 148 பெருக்கல் 4000, வகுத்தல் 9549: விடை 62 கிலோவாட், அதாவது 83 குதிரைத்திறன். "110 எங்கே, 83 எங்கே?" என்றேன். சிரித்தான். 6000 சுழற்சியில் முறுக்குவிசை 130 அளவுக்குக் குறைந்தாலும் வேகம் ஒன்றரை மடங்கு ஆகிவிடுவதால் திறன் கூடுகிறது என்று பென்சிலை வாங்கிப் போட்டுக் காட்டினான். 2001-ஆம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வில் கணிதத்தில் 'டி' வாங்கியவன் இவன். 'கணக்கில் நாட்டமில்லை' என்று மதிப்பெண் அறிக்கையில் எழுதியவள் நான்.

"சரி, அந்தப் பள்ளத்தில் உன் நிலைம உருளை எவ்வளவு நேரம் நிற்கும்?" என்று கேட்டேன்.

விடை சொல்லத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். உருளை மட்டும் உள்ள இயந்திரத்தில் கார் வேகமெடுத்துக்கொண்டே இருக்கும். ஓர் ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். பள்ளம் காகிதத்தில் பதிவாகும். அங்கே நின்று வேலை செய்ய இயலாது. தடுப்பான் இருந்தால் 2250 சுழற்சியிலேயே எஞ்சினைப் பிடித்து வைக்கலாம். ஆக்சிலேட்டரைப் பாதி அழுத்தி, தீப்பொறியை ஒரு பாகை முன்னே தள்ளி, முறுக்குவிசை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். எஞ்சின் 'டக்டக்' என்று இடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கலாம். அன்றாடம் நாம் ஓட்டுவது அரை ஆக்சிலேட்டரில்தானே! நெடுஞ்சாலையில் அவன் உயிரைப் பணயம் வைத்துத் தேடியதும் அந்த நிதானத்தைத்தான்.

வாங்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று என் பழைய காரிலேயே இரு பட்டறைகளுக்குச் சென்றோம். பெயர்கள் வேண்டா. முதல் பட்டறையில் அடுத்தடுத்து மூன்று ஓட்டங்கள்: 88, 86, 83. வீட்டு மின்விசிறி போன்ற ஒன்று காரின் முன் சுழன்றுகொண்டிருந்தது. தகரக் கூரையின் கீழ் எஞ்சின் வெந்துகொண்டிருந்தது. அவர்கள் அச்சிட்டுத் தந்தது 88. அடுத்த பட்டறையில் ஆளுயர விசிறி. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் முன்பு எஞ்சின் வெப்பம் ஒரே நிலைக்கு வரும்வரை காத்திருந்தார்கள்: 84, 84, 85. காரை உருளையோடு இழுத்துக் கட்டும் பட்டையின் இறுக்கத்தையும் டயர்க் காற்றையும் குறித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்வதானால், வீடு திரும்பும்போது அந்த 88-ஐ நினைத்துத்தான் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. என் காருக்கு நான்கு குதிரைகள் கூடுதல் அல்லவா!

திருத்தக் கணக்கு என்று ஒன்றுண்டு. சூடான, ஈரமான காற்றில் எஞ்சினின் திறன் குறையும். ஆகவே அமெரிக்கப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் முறைப்படி, 25 பாகை செல்சியசில் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணினி மாற்றிக் காட்டும். நம் நாட்டு நண்பகலில் அது மூன்று நான்கு விழுக்காடு கூட்டித் தருவது முறைதான். ஆனால் வெப்பமானியை எஞ்சின் அருகே சற்றே நகர்த்தி வைத்தால் போதும். காற்று கொதிக்கிறது என்று கணினி நம்பி, எண்ணை இன்னும் உயர்த்திவிடும். இதை அவனே எனக்குச் சொன்னான். "செய்வாயா?" என்று கேட்டேன். "உங்களைக் கேரண்டராக வைத்துக்கொண்டா?" என்றான்.

எஞ்சியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உருளையைப் பதிக்கத் தரையைத் தோண்டக் கடை உரிமையாளர் இசையவில்லை. ஆகவே தரைமேல் வைத்துச் சாய்தளத்தில் ஏற்றும் அமைப்பு. மும்முனை மின்சாரம் இழுக்க வேண்டியிருந்தது. தடுப்பான் விழுங்கும் திறன் முழுவதும் வெப்பமாகிறது. 80 கிலோவாட் என்றால், 2 கிலோவாட் மின்கெண்டிகள் நாற்பது ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம். விசிறிக்கும் புகைபோக்கிக்கும் செலவழிக்கத் தயங்கியவனிடம், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். செலவழித்தான்.

நான் கையெழுத்திட்டேன். கணவர் இருமவில்லை. "மாதத் தவணை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

பழையது ஆனாலும் நல்ல நிலையில் இருந்த தடுப்பான் உருளை கிடைத்தது. பொருத்திய நாளில் என்னை அழைத்திருந்தான். தடுப்பானின் பக்கத்தில் ஒரு மீட்டர் நீளக் கரம் பூட்டி, அதன் முனையில் 20 கிலோ எடை தொங்கவிட்டால் திரையில் 196 நியூட்டன் மீட்டர் தெரிய வேண்டும். அவன் உடற்பயிற்சிக்கூட இரும்பு வட்டுகள் இரண்டைக் கொண்டு வந்திருந்தான். 'பத்துக் கிலோ' என்று அவற்றில் பொறித்திருந்தது. பொறித்திருப்பதை நம்பலாமா என்றேன். ஜாலான் தெங்கு கிலானாவில் அவனுக்குப் பழக்கமான மளிகைக் கடைக்குச் சென்று, முத்திரையிட்ட தராசில் நிறுத்தோம். கடைக்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து 19.7 கிலோ. ஆகவே 193. திரையோ 201 காட்டியது. அதை 193-க்குக் கொண்டுவர மாலை ஆகிவிட்டது. வட்டுகளின் மேல் வெள்ளைச் சாயத்தில் உண்மையான எடையை எழுதி வைத்தான்.

முதல் வாடிக்கையாளர் ஓர் இளைஞர். விளம்பர ஏட்டில் 110 என்றிருந்த அவருடைய காருக்குத் திரை 91 காட்டியது. ஏட்டில் உள்ளது எஞ்சினில் அளந்தது. இது சக்கரத்தில் அளந்தது. கியர்ப்பெட்டியும் டயரும் இடையில் பதினைந்து விழுக்காடு அளவுக்கு உண்பது இயல்பு என்று விளக்கினான். "மிஷின் சரியில்லை பிரதர்" என்றார் அவர். இவன் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு 91 என்றே அச்சிட்டு, கீழே அறை வெப்பத்தையும் டயர்க் காற்றையும் எழுதிக் கொடுத்தான்.

இதுவரை ஆறு தவணைகள் ஒழுங்காகக் கட்டியிருக்கிறான். அந்த இளைஞர் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.