இடமாற்றுப் பிரிவை அழித்தால் கணினி ஏன் எழுவதில்லை?

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்றோரின் வீடுகள் பலவற்றுக்கு முதன்முறையாகக் கணினி வந்து சேர்ந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் திரேஸ்புரம், புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பார் எனக் கடலை நம்பி வாழும் ஊர்களின் பிள்ளைகளும், உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதற்கு உரியவர்களாயினர். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அத்தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது, டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டுவந்த இந்திய இயங்குதளம். ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்களை அருகருகே வைத்து, கணினியை இயக்கும்போது எது வேண்டும் என்று கேட்டு அதைத் திறக்கும் ஏற்பாடு 'டூயல் பூட்' எனப்படுகிறது.

இத்தகைய கணினிகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் கோளாறு ஒன்றுண்டு. படங்களும் பாடல்களும் சேர்ந்து இடம் போதாமல் போகும்போது, விண்டோஸின் வட்டு மேலாண்மைத் திரையில் பெயரும் எழுத்தும் இல்லாமல் காலியாகக் கிடப்பதுபோல் தெரியும் பகுதி ஒன்றைப் பயனர் அழித்துவிடுகிறார். அடுத்த முறை இயக்கும்போது, லினக்ஸ் எழாததோடு, கை வைக்கப்படாத விண்டோஸும் எழாமல், கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒரு வரி மட்டும் நிற்கிறது. உப்புக்காற்று இரும்பையெல்லாம் அரிக்கும் கடற்கரை ஊரில் சந்தேகம் முதலில் துருவின் மீது செல்வது இயல்பு. ஆகவே வன்தட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, முழுவதையும் அழித்து விண்டோஸை மட்டும் நிறுவிக்கொள்வது எளிய வழியாகத் தோன்றுகிறது. ஆனால் அவ்வாறு அழியும் தகவல்களில் பெரும்பகுதி, அந்த நொடிவரை வட்டில் பழுதின்றியே இருந்தது. கணினியின் தற்காலிகத் தேவைக்கென ஒதுக்கப்பட்ட, பயனரின் கோப்பு ஒன்றுகூட இல்லாத ஒரு துண்டை நீக்கினால் முழுக் கணினியும் ஏன் முடங்க வேண்டும் என்ற வினாவுக்கு விடை தேடினால், அது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வடிவமைப்பு முடிவில் சென்று முடிகிறது.

அழிக்கப்படும் அந்தத் துண்டு பெரும்பாலும் 'ஸ்வாப் பார்ட்டிஷன்' எனப்படும் இடமாற்றுப் பிரிவு. கணினியின் வேலை நினைவகமாகிய ரேம் நிறைந்துவிடும்போது, உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை வன்தட்டுக்கு இறக்கிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்வதற்கான இடம் அது. அதில் கோப்புமுறை இல்லை. முதல் பக்கத்தின் இறுதிப் பத்து பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும் ஓர் அடையாளச் சொல்லைக் கொண்டே லினக்ஸ் அதை இனங்காண்கிறது. விண்டோஸ் அந்த அடையாளத்தைப் படிப்பதில்லை. பிரிவு அட்டவணையில் லினக்ஸ் இடமாற்றுப் பிரிவுக்குப் பதினறும எண்முறையில் 82 என்றும், லினக்ஸின் பிற பிரிவுகளுக்கு 83 என்றும் வகையெண்கள் இருந்தும், அவை தனக்கு உரியவையல்ல என்பதற்கு மேல் விண்டோஸ் எதையும் பயனருக்குச் சொல்வதில்லை. இரண்டு இயங்குதளங்களும் ஒரே வட்டில் குடியிருக்க, ஒன்றின் உடைமையை மற்றொன்று அறியாத நிலையே முதல் விபத்துக்கு வழி திறக்கிறது.

விபத்தின் அடுத்த படி அட்டவணையிலேயே உள்ளது. 1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் பி.சி. எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டபோது, அதனுடன் வந்த டாஸ் 2.0 வட்டின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டுகளை, மூன்றாகப் பங்கிட்டது. கணினியை எழுப்பும் நிரலுக்கு 446 பைட்டுகள், வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற அட்டவணைக்கு 64 பைட்டுகள், செக்டர் செல்லுபடியானது என்று காட்டும் முத்திரைக்கு 2 பைட்டுகள் என அமைந்த அப்பகுதி 'மாஸ்டர் பூட் ரெக்கார்டு' எனப்பட்டது. ஒவ்வொரு பிரிவையும் விவரிக்க 16 பைட்டுகள் வேண்டியிருந்ததால், 64 பைட்டுகளில் நான்கு பிரிவுகளுக்கே இடமிருந்தது. 10 மெகாபைட் வட்டுக்கு நான்கு பிரிவுகள் தாராளம். அக்காலத்து வடிவமைப்பாளர்களைக் குறைசொல்ல ஏதுமில்லை. வட்டுகள் பெருத்தபோது, 1987இல் வந்த டாஸ் 3.3, நான்கில் ஒன்றை 'நீட்டித்த பிரிவு' ஆக்கி, அதற்குள் தருக்கப் பிரிவுகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள வழி செய்தது. அச்சங்கிலியில் உள்ள பிரிவுகளுக்கு எண் 5இலிருந்து தொடங்குகிறது. அவ்வெண் வட்டில் எங்கும் எழுதப்படாமல், சங்கிலியை வரிசையாக எண்ணியே பெறப்படுகிறது. எனவே 5ஆம் எண்ணில் இருந்த இடமாற்றுப் பிரிவை ஒருவர் நீக்கினால், அதன்பின் 6ஆம் எண்ணில் இருந்த லினக்ஸின் மூலப் பிரிவு, ஒரு பைட்டுகூட நகராமல், 5ஆம் எண்ணுக்கு மாறிவிடுகிறது.

அந்த எண்ணை நம்பி நிற்பது பூட்லோடர். பெருங்கப்பல் எதுவும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் தானாக நுழைவதில்லை. வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பலில் துறைமுக வழிகாட்டி மாலுமி ஏறி, அதைத் தளத்தில் அணையும்வரை செலுத்திவிட்டு இறங்கிக்கொள்கிறார். மின்சாரம் பாய்ந்தவுடன் விழிக்கும் சிறு நிரலுக்கும், நினைவகத்தில் வந்து அமர வேண்டிய பெரிய இயங்குதளக் கருவுக்கும் இடையே பூட்லோடர் செய்யும் பணி அத்தகையது. இன்று பரவலாக உள்ள கிரப் பூட்லோடரை எரிக் போலின் என்பவர் 1995இல், குனூ ஹர்டு இயங்குதளத்தை எழுப்பும் முயற்சியின்போது உருவாக்கினார். 1999இல் அது குனூ திட்டத்தின் அதிகாரப்பூர்வத் தொகுப்புகளில் ஒன்றாயிற்று. 446 பைட்டுகளில் கோப்புமுறைகளைப் படிக்கும் அறிவை அடக்க இயலாது என்பதால் கிரப் தன்னைப் பகுத்துக்கொண்டது: முதல் துணுக்கு முதல் செக்டரில் இருந்துகொண்டு, அதற்கடுத்து முதல் பிரிவு தொடங்கும்வரை வெற்றாக விடப்பட்டிருக்கும் செக்டர்களில் பதிக்கப்பட்ட இரண்டாம் துணுக்கை அழைக்கிறது, இரண்டாம் துணுக்கு, நிறுவும்போது தன்னுள் பொறிக்கப்பட்ட முகவரியைப் பின்பற்றி, லினக்ஸ் பிரிவிலுள்ள எஞ்சிய கிரப் கோப்புகளைத் தேடுகிறது. பழைய முறை வட்டுகளில் அந்த முகவரி பெரும்பாலும் ஒரு பிரிவின் எண்ணே. 6ஆம் பிரிவைத் தேடிச் சென்ற கிரப்புக்கு அங்கே அப்படியொரு பிரிவே இல்லை என்ற விடை கிடைக்கிறது. விண்டோஸை எழுப்பும் வழியும் கிரப் காட்டும் தேர்வுப் பட்டியலின் வழியாகவே செல்வதால், இரண்டும் ஒருசேர முடங்குகின்றன.

காரணம் இவ்வளவு தெளிவானபின் திருத்தமும் எளிதாகிறது. அந்தக் கறுப்புத் திரையில் சில கட்டளைகளே செல்லும் என்றாலும் அவை போதும். பிரிவுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, 'பூட்' கோப்புறை உள்ள பிரிவு இப்போது எந்த எண்ணில் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். 'செட்' கட்டளையால் அந்தப் புதிய எண்ணை மூலமாகவும் முன்னொட்டாகவும் அறிவிக்க வேண்டும். பின்பு 'இன்ஸ்மாட்' கட்டளையால் 'நார்மல்' என்ற கூறை ஏற்றி அழைத்தால் வழக்கமான பட்டியல் திரும்பிவிடும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும் என்பதால், லினக்ஸுக்குள் நுழைந்தவுடன் கிரப்பை வட்டில் மறுபடி நிறுவி, பட்டியலையும் புதுப்பித்துவிட வேண்டும். விண்டோஸை மறுநிறுவல் செய்தபின் லினக்ஸ் காணாமல் போகும் மற்றொரு பொதுக் கோளாறும் இதற்கு உறவினதே: விண்டோஸ் நிறுவி 446 பைட் நிரலைத் தன்னுடையதாக மாற்றி எழுதுகிறதேயன்றி, லினக்ஸ் பிரிவுகளைத் தொடுவதில்லை, பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை எழுப்பி, பழைய மூலப் பிரிவை ஏற்றி, அதனுள் இருந்து கிரப்பை நிறுவினால் எல்லாம் முன்போல் ஆகும். மாணவருக்குக் கணினியோடு இந்த ஒரு பக்கக் குறிப்பும் தமிழில் கிடைத்தால் எத்தனை வீடுகளில் பாடக்குறிப்புகளும் ஒளிப்படங்களும் பிழைத்திருக்கும் என்ற எண்ணம், இக்கோளாற்றின் எளிமையைக் கண்டபின் எழாமல் இருப்பதில்லை.

இடமாற்றுப் பிரிவு தனியாக எதற்கு, அதன் அளவு ஏன் ரேமின் இருமடங்கு என்று சொல்லப்படுகிறது என்பன தேடலின் அடுத்த கிளைகள். நினைவகத்தையும் வட்டையும் ஒரே பரப்பாகக் காட்டும் கருத்து, டாம் கில்பர்ன் தலைமையில் மான்செஸ்டரில் உருவாகி 1962 டிசம்பரில் இயக்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினிக்கு உரியது. அங்கே வட்டுக்குப் பதிலாகக் காந்த உருளை இருந்தது. லினக்ஸுக்குள் அது வந்த கதை மிகவும் மனிதத்தன்மை வாய்ந்தது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 2 மெகாபைட் ரேம் மட்டுமே வைத்திருந்த ஜெர்மானியர் ஒருவர் தம் கணினியில் கருவைத் தொகுக்க இயலவில்லை என்று எழுதியதைக் கண்டு, 1991 கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் பக்கங்களை வட்டுக்கு இறக்கும் நிரலை எழுதினார். 1992 ஜனவரியில் வெளிவந்த 0.12 பதிப்பில் அது இடம்பெற்றது. லினக்ஸ் பிறந்த அந்தக் கணினியே பல இயங்குதளங்கள் குடியிருந்த ஒன்று என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்: டாஸும் மினிக்ஸும் இருந்த வட்டில்தான் லினக்ஸ் வளர்ந்தது. மோடத்துக்கு அனுப்ப வேண்டிய எழுத்துகளை டோர்வால்ட்ஸ் தவறுதலாக வட்டின் மினிக்ஸ் பிரிவுக்கு அனுப்பிவிட, அப்பிரிவு சிதைந்தது. அதை மீட்க முனையாமல் அவர் லினக்ஸிலேயே தங்கிவிட்டார்.

இருமடங்கு என்ற விதிக்கும் ஒரு காலமும் இடமும் உண்டு. பழைய பி.எஸ்.டி. யூனிக்ஸ், ஒரு நிரல் கேட்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வட்டில் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைத்ததால், ரேமைவிடச் சிறிய இடமாற்றுப் பிரிவு அங்கே பயன்தரவில்லை. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 கருவின் முதல் பதிப்புகளும், வட்டுக்குச் சென்று திரும்பிய பக்கத்தின் வட்டுப் படியை எளிதில் விடுவிக்காததால், இருமடங்கு இடத்தை உண்மையாகவே கேட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் 2.4.10 பதிப்பில் ஆந்திரேயா ஆர்க்காஞ்செலியின் நினைவக மேலாண்மை புகுத்தப்பட்டபின் அத்தேவை நீங்கியது. காரணம் மறைந்தும் விதி மட்டும் நிறுவல் கையேடுகளில் தங்கி, வட்டின் கணிசமான பகுதியைப் பெயரற்ற பிரிவாக ஒதுக்கச் செய்தது. பெரிதாக இருந்ததாலேயே அது, இடம் தேடும் பயனரின் கண்ணில் முதலில் பட்டது.

அழித்த பிரிவுக்குப் பதிலாகப் புதியதை உருவாக்கினாலும், அல்லது இரண்டாவதாக ஒரு லினக்ஸை நிறுவும்போது அதன் நிறுவி நிரல், ஏற்கெனவே உள்ள இடமாற்றுப் பிரிவை மறுபடி வடிவமைத்தாலும், இன்னொரு சிக்கல் தலைகாட்டுகிறது. எண்கள் மாறுவதால் விளையும் தொல்லையைத் தவிர்க்கவே ஒவ்வொரு பிரிவுக்கும் 'யூயூஐடி' என்னும் நீண்ட தனி அடையாளம் தரப்பட்டது. ஆனால் மறுவடிவமைப்பு அந்த அடையாளத்தையும் மாற்றிவிடுகிறது. எழும்போது எந்தெந்தப் பிரிவுகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் பழைய அடையாளமே இருப்பதால், சிஸ்டம்டி என்னும் தொடக்க மேலாளரைப் பயன்படுத்தும் லினக்ஸ்கள் இல்லாத பிரிவுக்காக ஒன்றரை நிமிடம் காத்துநின்று, பிறகே மேலே செல்கின்றன. 'பிஎல்கேஐடி' கட்டளையால் புதிய அடையாளத்தைப் பார்த்து அக்கோப்பில் மாற்றுவதோடு, டெபியன் வழிவந்தவற்றில் 'ரெஸ்யூம்' என்ற சிறு கோப்பிலும் அதை மாற்றி, தொடக்க நினைவகப் படிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவதை மறப்பவர்களே காத்திருப்பு தீரவில்லை என்று குழம்புகின்றனர்.

அந்த 'ரெஸ்யூம்' கோப்பு உறக்கநிலைக்கு உரியது. கணினியை ஆழ்ந்த உறக்கத்தில் இடும்போது ரேமின் உள்ளடக்கம் இடமாற்றுப் பிரிவில் எழுதிவைக்கப்படுகிறது. இரண்டு லினக்ஸ்கள் ஒரே இடமாற்றுப் பிரிவைப் பகிரும் கணினியில், ஒன்றை உறங்கவைத்துவிட்டு மற்றொன்றை எழுப்பினால், அது அப்படிமத்தின் மேல் எழுதிவிடக்கூடும். உறங்கியதில் சேமிக்கப்படாத வேலை அத்தனையும் போய்விடும். விண்டோஸின் 'விரைவுத் தொடக்கம்' இயங்கும்போது அதன் பிரிவை லினக்ஸ் எழுத மறுத்து, படிக்க மட்டுமே திறப்பதும் இதே வகை எச்சரிக்கை. 2017இல் வந்த உபுண்டு 17.04 முதல் புதிய நிறுவல்களில் தனிப்பிரிவுக்குப் பதில் மூலப் பிரிவுக்குள்ளேயே ஓர் இடமாற்றுக் கோப்பு இயல்பாக அமைக்கப்படுகிறது. நீட்டித்த பிரிவே தேவைப்படாத ஜி.பி.டி. அட்டவணையும், பூட்லோடரைத் தனிப் பிரிவில் சாதாரணக் கோப்பாக வைக்கும் யூ.இ.எஃப்.ஐ. முறையும் 512 பைட் நெருக்கடியைப் போக்கிவிட்டன. எனினும் இடமாற்றுக் கோப்பிலிருந்து உறக்கநிலையை மீட்க, அக்கோப்பு வட்டில் தொடங்கும் இடத்தைக் கருவுக்கு எண்ணாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பை அழித்துப் புதிதாக உருவாக்கினால் அந்த எண்ணையும் கண்டறிந்து மாற்ற வேண்டும்.