தாம்பரத்தில் ஒரு சீசன் கணக்கு

தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அன்றைய மீட்டர் பாதை இன்று அகலப்பாதையாகிவிட்டது. ஆயினும் சீட்டு வாங்க நிற்போரின் கேள்வி மாறவில்லை: அன்றாடம் சீட்டு எடுப்பதா, சீசன் எடுப்பதா?

நாங்கள் போட்ட கணக்கு எளியது. ஒரு மாதச் சீசனின் விலை ஏறத்தாழ இருபது ஒற்றைச் சீட்டுகளின் விலையாகும். போக ஒன்று, வர ஒன்று எனில், பத்தே நாள்களில் முதல் திரும்பிவிடும். எஞ்சிய நாள்கள் இலாபம். வாரத்தில் இரு நாள் மட்டும் செல்வோர்க்குத் தனிச்சீட்டே போதும்.

எழும்பூர்ப் பக்கம் நாள்தோறும் பூ விற்கச் செல்லும் அம்மையார் ஒருவரிடம் இதைப் பெருமையுடன் விளக்கினோம்.

"தெரியும் ஐயா. ஆனா மொத்தமாக் கட்டிட்டா, மறுநாள் பூ வாங்க முதல் ஏது?" என்றார்.

நாணினோம். அம்மாதம் சீசன் பணத்தைக் கைமாற்றாகத் தந்தோம். சீட்டுக்குச் செலவிடும் காசையே அன்றாடம் எடுத்துவைத்து, பத்தாம் நாள் முழுவதையும் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதம் எங்களிடம் கேட்கவில்லை. மிச்சம் பிடித்த பணத்தில் தாமே எடுத்துக்கொண்டார்.

சிக்கனத்தைத் தொடங்கவும் ஒரு முதல் வேண்டும். அன்பர்களே, அது இல்லாதோர் நம் தெருவிலும் இருக்கக்கூடும்.