இன்ஷா அல்லாஹ்வும் ஒரு கப்பல் பயணமும்



2024 ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு, உணவருந்திக்கொண்டிருந்தபோது என் மகள் செய்தித்தாளிலிருந்து ஒரு செய்தியை வாசித்துக் காட்டினாள். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டுவிட்டது என்பதே அச்செய்தி. “நாமளும் போகலாமா அத்தா?” என்று கேட்டாள். “போகலாம், இன்ஷா அல்லாஹ்” என்றேன். அவள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தன் தம்பியிடம் கூறினாள்: “அத்தா இன்ஷா அல்லாஹ்னு சொல்லிட்டாங்க. அப்போ போகமாட்டோம்.”

என் துணைவியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘நாளை இதைச் செய்வேன்’ என்று எதைப்பற்றியும் உறுதி கூறும்போது இறைநாட்டத்தைச் சேர்த்தே கூற வேண்டும் எனக் கற்பிக்கும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 23, 24-ஆம் வசனங்களை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவன் நான். என் வீட்டிலோ அந்தப் புனிதமான சொல்லுக்கு ‘முடியாது’ என்ற பொருள் ஏற்பட்டுவிட்டது. அந்தப் பொருளை ஏற்படுத்தியவனும் நானே.

கப்பல் ஆசை என் துணைவியாருடையது. அவருடைய நன்னி மும்பையிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலில் சென்று ஹஜ்ஜை நிறைவேற்றியவர். நம் நாட்டிலிருந்து கப்பல் வழி ஹஜ் பயணம் 1995-உடன் நின்றுபோனது. ஆயினும் அந்த நன்னி சொன்ன கதைகள் நிற்கவில்லை. கப்பல் தளத்தில் வரிசையாக நின்று தொழுதது, கடல் கொந்தளித்தபோது பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு திக்ரு செய்தது என்று எல்லாவற்றையும் கேட்டு வளர்ந்தவர் என் துணைவியார். ஊத்தங்கரையில் பிறந்து கிருஷ்ணகிரிக்கு வாழ்க்கைப்பட்ட அவர், தம் வாழ்நாளில் கடலைக் கண்டது இரண்டே முறை. மணமான முதல் ஆண்டில், “ஒரு தடவையாவது கப்பலில் போகணுங்க” என்றார். “இன்ஷா அல்லாஹ்” என்றேன். பதினேழு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இடையில் ஒரு வாய்ப்பு வந்தது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலாவை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஓசூரில் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் என் தம்பி, போனஸ் பணத்தில் குடும்பம் முழுவதையும் அதில் அழைத்துச் செல்ல விரும்பினான். அக்கப்பலில் மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் உண்டு. அதே சூதாட்டத்தைக் காரணம் காட்டிப் புதுச்சேரியில் அக்கப்பலுக்கு எதிர்ப்பு எழுந்ததையும் செய்திகளில் பார்த்தோம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்று எடுத்துக் கூறி, வேண்டாம் என்றேன். தம்பி மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டான்: “அண்ணே, வேணாம்னு சொல்றது சுலபம். வேற எங்க போகலாம்னு சொல்லுங்க.” அதற்கும் நான் இன்ஷா அல்லாஹ் என்றே பதிலளித்தேன்.

அந்த மறுப்பு சரியானதுதான். அதோடு நின்றுகொண்டது சரியன்று. ஒரு கதவை மூடுபவர், திறந்திருக்கும் கதவையும் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டவர். ஆகுமான மகிழ்ச்சிகளைத் தேடித் தரும் உழைப்பை நம்மில் பலர் செய்வதில்லை. பின்னர், பிள்ளைகள் வேறு பக்கம் போகிறார்கள் என்று வருந்துகிறோம்.

மகளின் சொல் தைத்த மறுநாளே நாகப்பட்டினக் கப்பலைப்பற்றி விசாரித்தேன். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற கப்பலுடன் அச்சேவை தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. சுமார் 150 பேர் அமரலாம். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மாளிகை போன்ற அறைகளோ கேளிக்கைகளோ அதில் இல்லை. கடல் உண்டு, அது போதும் என்றார் என் துணைவியார். மழைக்காலம் முடிந்து தை பிறந்த பிறகு செல்வதென்று முடிவு செய்தோம். நால்வருக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பம், பயணச்சீட்டு, தங்குமிடம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 80,000 ரூபாய் தேவைப்பட்டது. ஒரு தகர டப்பாவில் பணம் சேர்க்கத் தொடங்கினோம்.

பயணத்திற்கு முன்னரே பயணம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மகள் பாக்கு நீரிணையின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருவில் ஒரு வக்தாவது தொழ வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மகன் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்தான். ஒன்றை எதிர்பார்த்திருப்பது ஒரு வீட்டை இவ்வளவு வெளிச்சமாக்கும் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன்.

நவம்பர் இறுதியில் புயல் வந்தது. சவூதி அரேபியா முன்மொழிந்த ‘ஃபெஞ்சல்’ என்ற பெயர், அரபியர் காபி அருந்தும் ‘ஃபிஞ்சால்’ என்னும் சிறு கிண்ணத்தை எனக்கு நினைவூட்டியது. நவம்பர் 30, சனிக்கிழமை இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலே இல்லாத நம் மாவட்டத்தில் புயல் என்பது தொலைக்காட்சிச் செய்திதான். அன்று பகலில் என் துணைவியார், “அம்மா தனியா இருக்காங்க. போய் இங்க கூட்டிட்டு வந்துடுங்களேன்” என்றார். என் மைத்துனர் பெங்களூரில் பணிபுரிகிறார். ஊத்தங்கரை வீட்டில் மாமியார் மட்டுமே வசிக்கிறார். “நாளைக்குப் போறேன், இன்ஷா அல்லாஹ்” என்றேன்.

நான் போகவில்லை. ஞாயிறன்று ஓசூரில் ஒரு நிகாஹ் இருந்தது. கிருஷ்ணகிரியில் பெய்துகொண்டிருந்த மழையும் என்னை அச்சுறுத்தவில்லை. ஊத்தங்கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தானே, திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டதால், சொன்னதைச் செய்துவிட்டது போன்ற நிம்மதிகூட எனக்குள் இருந்தது.

கரையைக் கடந்த புயல் புதுச்சேரி அருகிலேயே நெடுநேரம் நகராமல் நின்று, பின்னர் வலுவிழந்து உள்மாவட்டங்களை நோக்கி வந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்திலும் 500 லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று இதற்குப் பொருள். நம் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கும் மேலானது அது. சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஞாயிறு நள்ளிரவு தாண்டி மாமியாரிடமிருந்து அழைப்பு வந்தது. “மின்சாரம் இல்லை. வாசல் வழியா தண்ணி உள்ளே வருது” என்றார். அதன்பின் தொடர்பு அறுந்தது. என் துணைவியார் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைபேசியைக் கையில் வைத்தபடி தொழுகை விரிப்பில் அமர்ந்திருந்தார். கடுமழையின்போது இல்லங்களிலேயே தொழுதுகொள்ள அனுமதி உண்டு என்பதால், சுபுஹுத் தொழுகையை வீட்டிலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம். இமாமாக நின்ற என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

காலை ஒன்பது மணி அளவில் வேறோர் எண்ணிலிருந்து மாமியார் பேசினார். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரர் பின்கதவை உடைத்து உள்ளே சென்று, இடுப்பளவு நீரில் அவரைத் தூக்கிச் சென்று தம் வீட்டு மாடியில் சேர்த்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். நான் செய்யத் தவறியதை அல்லாஹ் அந்த நல்ல மனிதரின் கைகளால் நிறைவேற்றினான்.

மறுநாள் தம்பியும் நானும் மத்தூர் வழியாக ஊத்தங்கரை சென்றடைந்தோம். வீடெங்கும் சேறு. அரிசியும் பருப்பும் சேற்றோடு கலந்திருந்தன. உயரமான அலமாரியில் இருந்ததால் குர்ஆன் மட்டும் நனையவில்லை. மாமியார் என்னைக் கண்டதும் கடிந்துகொள்ளவில்லை. “கப்பலில் போகணும்னு சொன்னாளே என் மக, கடலே வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னு சொல்லுங்க மாப்ளே” என்று சிரித்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்நாட்களில் தென்பெண்ணையும் பெருக்கெடுத்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள் மூழ்கின. கடலிலிருந்து எழுந்து நம்மிடம் வந்த நீர், நம் ஆற்றின் வழியே மீண்டும் கடலுக்குப் போகும்போது எத்தனை குடும்பங்களின் ‘நாளை’களை அடித்துச் சென்றதோ!

வீடு திரும்பியதும் என் துணைவியார் தகர டப்பாவை என் முன் வைத்தார். அதில் 38,500 ரூபாய் இருந்தது. “அம்மா வீட்டைச் சரிபண்ணுங்க. கப்பலில் அப்புறம் போகலாம், இன்ஷா அல்லாஹ்” என்றார். அதே சொல்தான். ஆனால் தம்மிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு அவர் அதைச் சொன்னார். நான் எதையும் கொடுக்காமல் தப்பிக்க அதைச் சொல்லிவந்தேன்.

அதன் பின்னர் குர்ஆனில் இச்சொல் வரும் இடங்களை மீண்டும் புரட்டினேன். தந்தையின் கனவைக் கேட்ட இஸ்மாயீல் (அலை), அல்லாஹ் நாடினால் தம்மைப் பொறுமையாளராகக் காண்பீர்கள் என்று கூறிவிட்டு, உடனே அறுபடவும் முன்வந்தார்கள். மூஸா (அலை), கிழ்று (அலை) அவர்களிடம் அதே உறுதியைக் கூறிவிட்டு, அவர்களுடன் நடந்து சென்று கப்பலிலும் ஏறினார்கள். இடையில் மூஸா (அலை) அவர்களால் பொறுமை காக்க இயலவில்லை என்பது உண்மை. ஆயினும் சொல்லிவிட்டு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. அல்கலம் அத்தியாயத்தின் தோட்டக்காரர்கள் இன்ஷா அல்லாஹ் சொல்லாமல் திட்டமிட்டு இழந்தார்கள். நான் திட்டமே இடாமல் அதைச் சொன்னேன். இரண்டும் தவறு என்பதே நான் கற்ற பாடம்.

அப்படியானால், நாளைய மகிழ்ச்சியை எதிர்பார்ப்பது தவக்குலுக்கு முரணானதா? உம்மு ஹராம் (ரலி) அவர்களின் வரலாறு இதற்குப் பதிலளிக்கிறது. தம் சமுதாயத்தினர் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் அரசர்களைப் போன்று கடலில் பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கனவில் கண்டு சிரித்தபடி விழித்தார்கள். தாமும் அவர்களுள் ஒருவராக துஆச் செய்யுமாறு அப்பெண்மணி வேண்டினார்கள். நபியவர்கள் அந்த ஆசையைத் தடுக்கவில்லை, துஆச் செய்தார்கள். நபியவர்கள் மறைந்த பின்னரும் பல்லாண்டுகள் காத்திருந்து, ஹிஜ்ரி 28-ஆம் ஆண்டு வாக்கில் உம்மு ஹராம் (ரலி) சைப்ரஸ் தீவுக்குக் கடல் கடந்து சென்றார்கள். வாகனத்திலிருந்து விழுந்து இறந்தார்கள். அவர்களின் நீண்ட எதிர்பார்ப்பை யாரும் வீண் ஆசை என்று சொல்வதில்லை.

அதே நபியவர்கள், வானில் கருமேகம் கண்டால் முகம் மாறி, உள்ளேயும் வெளியேயும் நடப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். எதிர்பார்ப்பும் அச்சமும் ஓர் இறைநம்பிக்கையாளரின் உள்ளத்தில் சேர்ந்தே இருக்கலாம். இருக்கக் கூடாதது அலட்சியம்.

எனவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கியுள்ளோம். இன்ஷா அல்லாஹ் என்று சொன்னால், கூடவே ஒரு நாளையும் அதற்கான முதல் வேலையையும் சொல்ல வேண்டும். இயலாது என்றால் இயலாது என்றே சொல்ல வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் முதியோரை அன்றே அழைத்து வர வேண்டும். முக்கிய ஆவணங்களை உறையிலிட்டு உயரமான இடத்தில் வைக்க வேண்டும். உங்கள் வீடுகளிலும் இதைச் செய்து பாருங்கள்.

பாஸ்போர்ட்டுகள் ஜனவரியில் வந்து சேர்ந்தன. மழைக்காலத்தில் நின்றிருந்த நாகப்பட்டினக் கப்பல், 2025 பிப்ரவரி 22 அன்று மீண்டும் புறப்பட்டுவிட்டது. ரமலான் வாசலில் நிற்கிறது. பெருநாளும் பள்ளித் தேர்வும் முடிந்து, மே மாத இரண்டாம் வாரத்தில் செல்வதென்று நாட்காட்டியில் குறித்திருக்கிறோம். டப்பாவில் இப்போது 9,000 ரூபாய் இருக்கிறது. போதாமல் போகலாம். அப்படியானால் எத்தனை மாதம் தள்ளிப்போகும் என்பதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்வேன்.

சென்ற வாரம் மாமியார் வந்திருந்தபோது வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துடுங்க மாப்ளே” என்றார். “இன்ஷா அல்லாஹ் மாமி” என்றேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாளை காலை பத்து மணிக்கு, உங்கள் ஆதார் அட்டையுடன்” என்று சேர்த்துச் சொன்னேன். மறுநாள் காலை போய் விண்ணப்பித்துவிட்டோம்.

வல்ல அல்லாஹ் நம் நாவின் சொல்லையும் நம் செயலையும் ஒன்றாக்கி வைப்பானாக. புயலில் வீடிழந்தோருக்கும் உறவுகளை இழந்தோருக்கும் அதைவிடச் சிறந்ததை வழங்குவானாக. ஆமீன்.